பத்து விரலிலும் மோதிரம் போட்ட தோட்டத்து டாக்டர்

மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான். பேராக்கில் தோட்டத்தில் பிறந்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. விடிய விடிய மழை பெய்து, மரம் ஈரமாகி, அன்றைக்கு வெட்டு இல்லை என்று பெரட்டில் சொல்லி அனுப்பிய காலைகளில் இதைச் சொன்னார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காத இரவுகளிலும் சொன்னார்கள். பிற்பாடு தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தைக் காலி செய்யும்படி கடிதம் வந்தபோதும் இதே பேச்சுதான். சுங்கை சிப்புட், பாகான் செராய், தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களை விட்டு ஈப்போ புந்தோங்கிற்கும் மற்றப் பட்டணங்களுக்கும் குடிவந்த பல குடும்பங்கள் சாமான்களோடு இந்தப் பேச்சையும் ஏற்றிக்கொண்டு வந்தன.

அந்தப் பேச்சில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு வேறு வழியில்லாமை என்று பிரித்துப் பார்ப்பது கடினம். உழைப்பு முழுவதும் தன்னுடையது, பலன் முழுவதும் பிறர் கையில் என்று வாழ்ந்தவர்களுக்கு, கடவுளை நம்பு என்று யாரும் தனியாகப் போதிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் வேறு வழி தாராளமாக இருந்த ஒருவர், கை நிறையச் சம்பளமும் பட்டமும் பெயரும் இருந்த ஒருவர், அதே பேச்சை எழுத்துக்கு எழுத்து உண்மையென்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அப்படி ஒருவர் மலாயாத் தோட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்துதான் புறப்பட்டுப் போனார். ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர் என்று உலகம் அவரை அறியும். சிரம்பான் வட்டாரத் தோட்டக்காரர்கள் அவரை டாக்டர் குப்புசாமி என்று அறிந்திருந்தார்கள்.

பிறந்தது 1887 செப்டம்பர் 8ஆம் தேதி, திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையை ஒட்டிய பத்தமடையில். கோரைப் பாய்க்குப் பெயர்போன ஊர். தகப்பனார் வெங்கு ஐயர் எட்டயபுரம் ஜமீனில் தாசில்தார். தாயார் பார்வதி அம்மாள். 16ஆம் நூற்றாண்டின் பெரிய சைவ அறிஞர் அப்பய்ய தீட்சிதரின் பரம்பரையில் வந்த குடும்பம். பாரதியார் பிறந்த அதே எட்டயபுரத்தில் குப்புசாமி பள்ளிப் படிப்பை முடித்தார். பிறகு திருச்சியில் கல்லூரி. ஆங்கில நாடகங்களில் வேடம் கட்டினார். மதுரைத் தமிழ்ச் சங்கம் நடத்திய பரீட்சையும் எழுதித் தேறினார். பின்னாளில் அவர் புத்தகங்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதினார் என்பதால், தமிழில் பரீட்சை எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாமலே போய்விட்டது.

அதற்குப் பின் தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். விடுமுறை வந்தால் மற்ற மாணவர்கள் ஊருக்குப் போவார்கள். குப்புசாமி ஆஸ்பத்திரியிலேயே கிடப்பார். அறுவைச் சிகிச்சை அறைக்குள் நுழைய அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கற்றார். 1909இல் ஆங்கிலத்தில் ஒரு மருத்துவ மாத இதழ் தொடங்கினார். பெயர் அம்புரோசியா. முதல் செலவுக்கு நூறு ரூபாய் தாயார் கொடுத்தது. கட்டுரைகளில் பாதியைத் தானே வேறு வேறு பெயர்களில் எழுதி, அச்சுக்குக் கொடுத்து, தபாலில் அனுப்பி, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் நடத்தினார். சென்னையில் ஒரு மருந்துக் கடையில் வேலையும் பார்த்தார். தன் முயற்சியை நம்பிய மனிதர் என்றால் அந்த வயதுக் குப்புசாமியைத்தான் சொல்ல வேண்டும். கடவுளிடம் விட்டுவிட்டுக் கை கட்டி உட்கார்ந்த நாள் என்று அவர் வாழ்க்கையில் ஒன்றைக் காட்ட முடியாது.

1913இல் கப்பல் ஏறினார். பிராமணன் கடல் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு அப்போதும் பல வீடுகளில் இருந்தது. வீட்டார் தடுத்தும் கேட்கவில்லை. கப்பலில் புலால் சமைப்பார்கள் என்ற பயத்தில், தாயார் கட்டிக் கொடுத்த இனிப்புகளை மட்டும் தின்று தண்ணீர் குடித்தே பயணத்தைக் கடத்தினார். இறங்கும்போது பாதி உயிர். கையில் பெரிய பணமில்லை, தெரிந்தவர் என்று அதிகம் பேரில்லை, வேலை என்று ஒன்றும் உறுதியில்லை. முன்பின் தெரியாத ஓர் ஐயங்கார் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் சிரம்பானில் இருந்த டாக்டர் பார்சன்சுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். பார்சன்சுக்கு உதவியாளர் தேவைப்படவில்லை. ஆனாலும் பையனைப் பிடித்துப்போய், பக்கத்து ரப்பர் தோட்டத் துரை ராபின்சிடம் அழைத்துப் போனார். அந்தத் தோட்டத்துக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரி இருந்தது, ஆள்தான் இல்லை. ஆஸ்பத்திரியைத் தனியாக நடத்த முடியுமா என்று துரை கேட்டார். ஒன்று என்ன, மூன்று இருந்தாலும் நடத்துவேன் என்ற பொருளில் பதில் வந்தது. அன்றே வேலை உறுதியாயிற்று. 26 வயதுகூட ஆகவில்லை.

அந்த ஆஸ்பத்திரி இருந்தது நெகிரி செம்பிலானில். அவர் பேராக்கில் வேலை செய்தவர் அல்லர். ஆனால் ஆஸ்பத்திரி எப்படி இருந்திருக்கும் என்று பேராக் தோட்டத்துப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து முப்பது வருடத்துக்குள் பால்மரம் மேற்குக் கரை முழுவதையும் மூடிவிட்டது. காடு வெட்டிய இடமெல்லாம் மலேரியா. கொக்கிப்புழு, வயிற்றுக்கடுப்பு, சொறி, புண். ஊரிலிருந்து கங்காணி கூட்டி வந்த ஆள்களில் பலர் ஒப்பந்தக் கடனைத் தீர்ப்பதற்குள் மண்ணுக்குள் போனார்கள். ஆள் செத்தால் மரம் வெட்ட ஆளில்லை. அரசாங்கம் சட்டம் போட்டதும் அதனால்தான், தோட்டங்கள் ஆஸ்பத்திரி கட்டியதும் அதனால்தான். தகரக் கூரை, வரிசையாகப் பலகைக் கட்டில், ஒரு பக்கம் மருந்தறை, பெரிய போத்தலில் கொயினா. அங்கே டாக்டரும் டிரசரும் கணக்கரும் பல சமயம் ஒரே ஆள்தான்.

குப்புசாமி ஏழு வருடம் அப்படித்தான் இருந்தார். மருந்து கலக்குவார், புண் கட்டுவார், பதிவேடு எழுதுவார், சரக்கு வரவழைப்பார். நோயாளிக்கு நல்ல சாப்பாடு வேண்டுமென்றால் சொந்தக் காசு கொடுத்து அனுப்புவார். ஒரு மழை இரவு, நனைந்து நடுங்கியபடி ஒரு தொழிலாளி வந்து நின்றார். மனைவிக்குப் பிரசவ வலி. டாக்டர் உடனே கிளம்பினார். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. கொட்டுகிற மழையில் அந்தக் குடிசைக்கு வெளியே விடியும்வரை காத்திருந்து, பிள்ளை நல்லபடியாகப் பிறந்த பிறகே வீட்டுக்கு நடந்தார். ஊரிலிருந்து வேலை தேடி வந்து தவித்தவர்களை வீட்டில் தங்க வைத்துச் சோறு போட்டு, ஓரிடத்தில் சேர்த்தும் விட்டார்.

இந்தக் கதைகளை மட்டும் சொன்னால் பிறவியிலேயே சாமியார் என்று தோன்றும். அப்படியில்லை. நல்ல துணி என்றால் அவருக்கு உயிர். தங்கம், வெள்ளி, சந்தனக்கட்டை வேலைப்பாட்டுச் சாமான்களைக் கடைக்குள் போய் விலைகூடப் பேசாமல் வாங்கிக் குவிப்பார். விதவிதமான மோதிரங்கள் வாங்கினார். சில நாள் பத்து விரலிலும் போட்டுக்கொள்வார். இதைப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார். பெயருக்குப் பின்னால் இலண்டன் சங்கங்களின் உறுப்பினர் எழுத்துகள் வரிசையாகச் சேர்ந்தன. ஏழு வருடத்துக்குப் பின் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் ஜொகூரில் மருத்துவ நிலையம் ஒன்றில் மூன்று வருடம் வேலை செய்தார். அதுவும் நன்றாகவே நடந்தது. ரப்பர் விலை 1920க்குப் பின் சரிந்து தோட்டங்களில் ஆள்குறைப்பு நடந்த காலத்தில்கூட அவருக்குக் குறையில்லை.

ஆனால் ஏதோ ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு மருந்து கொடுத்தாலும் ஆள்கள் செத்தார்கள். குணமாகிப் போனவரும் அதே காட்டுக்கு, அதே கொசுவுக்கு, அதே கடனுக்குத் திரும்பிப் போனார். 1918 கடைசியில் உலகத்தையே ஆட்டிய விஷக்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளரைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனதும் அவர் இங்கே இருந்த காலத்தில்தான். தினமும் ஆஸ்பத்திரி, சாப்பாடு, தூக்கம் என்று போகிற இந்த வாழ்க்கைக்கு மேல் ஒன்றும் இல்லையா என்று கேட்கத் தொடங்கினார். வழிப்போக்கரான ஒரு சாது நோயோடு வந்து அவரிடம் வைத்தியம் செய்துகொண்டு, போகும்போது ஒரு வேதாந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது அவர் வரலாற்றில் எப்போதும் சொல்லப்படும் செய்தி. புத்தகம் ஒரு காரணமாக இருக்கலாம். பத்து வருடம் கட்டில் கட்டிலாகப் பார்த்த முகங்களும் காரணமாகத்தான் இருந்திருக்கும்.

1923இல் வேலையை விட்டார். 36 வயது. இந்தியாவில் கொண்டுவந்த பெட்டி படுக்கைகளை ஒரு வீட்டில் இறக்கச் சொல்லிவிட்டு, இறக்கி முடிவதற்குள் அவர் கிளம்பிவிட்டார். காசி போனார். அங்கிருந்து மராட்டிய நாட்டுப் பக்கம் நாசிக், பூனா, பண்டரிபுரம் என்று நடந்தார். கையில் பணம் வைத்துக்கொள்வதில்லை என்பதால் கிடைத்த இடத்தில் சாப்பாடு, கிடைக்காவிட்டால் பட்டினி. பிச்சை கேட்டுப் பழக்கமில்லாத வாய். முதல் நாள்களில் கேட்கத் தெரியாமல் நின்றார் என்கிறார்கள். பத்து விரலில் மோதிரம் போட்ட மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

தாலஜ் என்ற கிராமத்தில் ஒரு தபால் அதிகாரி வீட்டில் சில மாதம் சமையலாளாக இருந்தார். வந்தவர் டாக்டர் என்பது அந்த வீட்டாருக்கு முதலில் தெரியாது. தனியாக இருந்து தவம் செய்ய ஏற்ற இடம் எது என்று கேட்டபோது, ரிஷிகேசத்துக்குப் போகும்படி அந்தத் தபால் அதிகாரிதான் சொன்னார். 1924 மே 8ஆம் தேதி ரிஷிகேசம் போய்ச் சேர்ந்தார். ஜூன் 1ஆம் தேதி கங்கைக் கரையில் விசுவானந்த சரசுவதி என்ற துறவியைக் கண்டார். குருவும் சீடரும் சேர்ந்திருந்தது சில மணி நேரம். அதற்குள் சந்நியாசம் கொடுத்து, சிவானந்த சரசுவதி என்று பெயர் வைத்துவிட்டு, குரு காசிக்குப் போய்விட்டார். துறவிக்குரிய விதிகளைப் பிறகு கடிதத்தில் எழுதி அனுப்பினார்.

அடுத்த பத்து வருடம் கங்கைக்கு அக்கரையில் சுவர்க்காசிரமத்தில். ஒரு சிறிய குடில். தரும சத்திரத்தில் கொடுக்கும் காய்ந்த ரொட்டியும் பருப்பும்தான் சாப்பாடு. குளிர்காலத்தில் இடுப்பளவு கங்கையில் நின்று செபம். இதெல்லாம் எல்லாச் சாதுக்களும் செய்வதுதான். அவரிடம் வேறாக இருந்தது மருந்துப் பெட்டி. எல்லாவற்றையும் விட்டவர் அதை விடவில்லை. காலராவிலும் அம்மையிலும் கிடந்த சாதுக்களைத் தேடிப் போய்ப் பார்த்தார், கால் பிடித்துவிட்டார், தேவையென்றால் முதுகில் சுமந்து வந்தார். பத்ரிநாத் யாத்திரை போகிற ஒருவருக்கு ஒரு நாள் மருந்து கொடுத்து அனுப்பினார். இன்னும் நல்ல மருந்து ஒன்று தன்னிடம் இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. விடிந்ததும் அந்த யாத்திரிகர் போன மலைப்பாதையில் ஓடினார். சில மைல் போய்ப் பிடித்து, மருந்தைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அவர் அன்று குடிலில் உட்கார்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பக்தர்கள் எழுதிய வரலாறுகள் இதை வேகமாகத் தாண்டிப் போகும். மலாயாவில் இருந்தபோது அவர் ஓர் இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். 1927இல் அது முதிர்ந்து பணம் வந்தது. உலகத்தைத் துறந்தவர் அதைக் கங்கையில் போடவில்லை. எனக்கு இனிப் பணத்தோடு உறவில்லை என்று திருப்பி அனுப்பவுமில்லை. அந்தப் பணத்தில் இலட்சுமண் ஜூலாவில் ஒரு தரும வைத்தியசாலை திறந்தார். தோட்டத்துச் சம்பளத்தில் கட்டிய தவணை இமயமலை அடிவாரத்துச் சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் மருந்தாயிற்று. சிரம்பான் பக்கத்துப் பால்மரங்களுக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் மிகையில்லை.

முயற்சியா, அருளா என்பது நம்மவர்களிடம் பழைய வழக்கு. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். இரண்டில் ஒன்றை எடுத்துவிடவில்லை. வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் இதற்கு இரண்டு பிராணிகளை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டி சும்மா கிடக்கும்; தாய் வாயில் கவ்விக்கொண்டு போகும். சிவானந்தரை எந்தக் கூட்டில் வைப்பது என்பது எளிதான கேள்வி இல்லை. அவர் எப்போதும் பிடித்துக்கொண்டே இருந்தார், குரங்குக் குட்டியைப் போல. ஆனால் தாய் எங்கே போகிறாள் என்று ஒருபோதும் கேட்கவில்லை.

சீடர்களை ஒரு நாள்குறிப்பு எழுதச் சொன்னார். எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு நேரம் செபம், எத்தனை முறை கோபம், எத்தனை பொய் என்று கட்டம் போட்ட தாள். தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். கிராணி ஆள் கணக்கு எழுதுவதுபோல் மனத்துக்குக் கணக்கு. கடவுளை முழுக்க நம்பிய மனிதர் கணக்கை மட்டும் யாரையும் நம்பி விடவில்லை.

1934 ஜனவரியில் சில சீடர்களோடு ஆற்றின் இக்கரைக்கு வந்தார். பாழாகிக் கிடந்த ஒரு மாட்டுக்கொட்டகையைச் சுத்தம் செய்து குடியேறினார்கள். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் பதிவாயிற்று. 1938இல் மாத இதழ், 1948இல் யோக வேதாந்தக் கல்லூரி, பிறகு சொந்த அச்சகம், கண் ஆஸ்பத்திரி. எழுதிய புத்தகங்கள் முந்நூறுக்குக் கிட்ட. இந்த வளர்ச்சியைப் பட்டியல் போட்டுச் சொன்னால் திட்டமிட்டு நடந்ததுபோல் தெரியும். உள்ளே இருந்தவர்கள் கண்டது வேறு. பணம் வந்தால் அன்றைக்கே செலவு. யார் வந்தாலும் தங்க இடம், சாப்பாடு. வந்தவரில் நோயாளி, வேலையற்றவர், வீட்டை விட்டு ஓடிவந்தவர், போலீசுக்குப் பயந்தவர் என எல்லாரும் உண்டு. புத்தகங்களைக் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் இலவசமாக அனுப்பினார். ரிஷிகேசத்து மளிகைக் கடைகளில் ஆசிரமத்துக்குக் கடன் ஏறும். ஆள்களைக் குறைக்கலாம், அச்சு வேலையை நிறுத்தலாம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் வந்து நிற்பார்கள். அவர் ஒப்புக்கொண்டதில்லை. பெரும்பாலும் அடுத்த தபாலில் ஏதாவது வந்தது. வராத நாள்களும் உண்டு; அப்போது எல்லாரும் குறைத்துச் சாப்பிட்டார்கள்.

கணக்கெழுதியவர்களின் நிலையையும் நினைக்கத்தான் வேண்டும். ஒருவர் கடவுளை நம்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க, கடைக்காரருக்குப் பதில் சொல்வது இன்னொருவர் வேலையாக இருந்தது. தோட்டத்திலும் கோயில் திருவிழாவுக்குக் கங்காணி தாராளமாக வாக்குக் கொடுத்துவிட, வீடு வீடாக வசூலுக்கு அலைந்தவர்கள் உண்டு. சிவானந்தர் விஷயத்தில் ஒரு வேறுபாடு, கொடுத்தவரும் மற்றவர்களோடு அதே பந்தியில் அதே சோற்றைத்தான் சாப்பிட்டார்.

1950 ஜனவரி 8ஆம் தேதி இரவு அவருடைய நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. பஜனைக் கூடத்தில் வழக்கமான கூட்டம். வெளிச்சம் குறைவு. வாசலருகே உட்கார்ந்திருந்தார். குளிருக்காகத் தலையில் துணியைச் சுற்றியிருந்தார். வழக்கமாக அவர் தலைப்பாகை கட்டுகிறவர் அல்லர். ஆசிரமத்தில் தங்கியிருந்த ஒருவன் கோடரியோடு வந்து அவர் தலையைக் குறிவைத்து வீசினான். முதல் வீச்சு கதவில் பட்டது. அடுத்ததும் குறி தவறியது. உயிர் தப்பியது. ஆத்திரப்பட்ட ஆசிரமவாசிகள் அவனைப் பிடித்துப் போலீசில் கொடுத்தார்கள். சிவானந்தர் பஜனையை முடிவுவரை நடத்தினார். மறுநாள் காலை பழங்களை எடுத்துக்கொண்டு அவன் இருந்த இடத்துக்குப் போய் அவனை விழுந்து வணங்கினார். வழக்கு வேண்டாம் என்று போலீசாரைக் கேட்டு, புத்தகங்களும் வழித்துணையும் கொடுத்து அவனை ஊருக்கு அனுப்பி வைத்தார்.

கடவுள் காப்பாற்றினார் என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டு வருடத்துக்கு முன், 1948 ஜனவரியில், டில்லியில் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நடந்து போன காந்தியடிகளை அதே நம்பிக்கை குண்டிலிருந்து காக்கவில்லை. ஆகவே கோடரி தவறியதை நம்பிக்கைக்கு அத்தாட்சியாகக் காட்டுவது சரியாக வராது. பஜனை நிற்காமல் நடந்ததும், காலையில் பழம் எடுத்துக்கொண்டு போனதும் வேறு கணக்கு. அவை அவர் கையில் இருந்தவை.

எட்டு வருடம் கழித்து இன்னொரு தமிழர் அந்த வாசலுக்கு வந்தார். இராமேசுவரத்துக்காரர், வயது 27 இருக்கும். போர் விமானம் ஓட்ட வேண்டும் என்பது அவர் சிறுவயதுக் கனவு. டேராடூனில் விமானப்படைத் தேர்வு நடந்தது. 25 பேர் வந்திருந்தார்கள்; எட்டுப் பேரை எடுத்தார்கள்; இவர் ஒன்பதாவது. ஒரே ஓர் இடத்தில் வாழ்க்கை கைநழுவிய வலியோடு மலைச்சரிவில் நின்றுவிட்டு ரிஷிகேசத்துக்கு வந்தார். கங்கையில் குளித்து, மேட்டில் தெரிந்த ஆசிரமத்துக்குள் போனார். அப்துல் கலாம் என்ற முஸ்லிம் பெயரைச் சொன்னபோது சுவாமியின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை என்பதைக் கலாம் பின்னாளில் தம் சுயசரிதையான அக்கினிச் சிறகுகளில் நன்றியோடு பதிவு செய்தார்.

சுவாமி அவரிடம் இன்னும் முயற்சி செய், அடுத்த முறை கிடைக்கும் என்று சொல்லவில்லை. விமானியாவது உனக்கு விதித்ததில்லை, நீ எதற்காகப் பிறந்தாயோ அது இன்னும் தெரியவில்லை, அதை இறைவன் விருப்பத்திடம் விட்டுவிட்டு இந்தத் தோல்வியை மறந்து நட என்ற கருத்தில் பேசினார். வேலை தேடும் பிள்ளையிடம் நம் வீட்டுப் பெரியவர்கள் இப்படிப் பேசினால், பிழைக்கத் தெரியாதவர் என்று நினைப்போம். கலாம் டில்லிக்குத் திரும்பினார். பாதுகாப்புத் துறையின் விமானத் தொழில்நுட்பப் பிரிவில் முன்பே நேர்காணலுக்குப் போயிருந்தார். அங்கிருந்து வேலைக் கடிதம் வந்திருந்தது. மாதம் 250 ரூபாய். மறுநாளே வேலையில் சேர்ந்தார். அந்தக் கடிதம் வரக் காரணம் அவர் முன்பே செய்திருந்த விண்ணப்பமும் படிப்பும்தான். ஆனால் ஒன்பதாவது இடத்தையே நினைத்துக்கொண்டிருந்தால் அந்தக் கடிதத்தை அவர் எந்த மனத்தோடு பிரித்திருப்பார் என்பதும் யோசிக்க வேண்டியது. பின்னால் ராக்கெட்டுகளும் குடியரசுத் தலைவர் மாளிகையும் வந்தன. அவை எல்லாருக்கும் தெரிந்த கதை.

சிவானந்தர் மலாயாவுக்குத் திரும்பி வரவே இல்லை. ஆனால் மலாயாவிலிருந்து கடிதங்கள் போயின. பட்டணத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் ஆள்கள் போனார்கள். இன்று தைப்பூசத்துக்கு ஈப்போவிலிருந்து பத்துமலைக்குப் போகிறவர்கள், அந்த வட்டாரத்திலேயே சிவானந்தாசிரமம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கலாம். அது அவர் தொடங்கிய சங்கத்தின் மலேசியக் கிளை. தோட்டத்துச் சம்பளத்தை விட்டுப் போனவரின் பெயர், தோட்டத்துப் பிள்ளைகள் வந்துபோகும் ஓரிடத்துக்கு இருக்கிறது.

தோட்டப்புறங்களில் மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்று சொன்னவர்களையும் அவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அவர் விட்டுக்கொடுக்கத் தம்மிடம் ஏதோ இருந்தது. லயத்துக் குடும்பங்களிடம் விட்டுக்கொடுக்க என்ன இருந்தது? கூலி உயர்வுக்கும் குடியிருப்புக்கும் அவர்கள் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. கேட்ட இடங்களில்தான் கொஞ்சமாவது கிடைத்தது. கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற பேச்சு, கேட்காமல் இருப்பதற்கு வசதியான சாக்காகப் பிறரால் பயன்படுத்தப்பட்டதும் உண்டு. சிவானந்தர் வாழ்க்கையை அதற்குச் சாட்சியாக யாராவது இழுத்தால், இலட்சுமண் ஜூலா வைத்தியசாலையையும் மலைப்பாதையில் ஓடிய காலையையும் அவர்களுக்கு நினைவூட்டலாம்.

கடைசி வருடங்களில் நீரிழிவும் இடுப்புவலியும் அவரைப் படுத்தின. நாற்காலியில் வைத்துக் கூட்டிவந்தாலும் அலுவல் அறைக்கு வந்து கடிதங்களுக்குப் பதில் எழுதினார். 1963 ஜூன் மாதம் பக்கவாதம் கண்டது. ஜூலை 14ஆம் தேதி இரவு கங்கைக் கரைக் குடிலில் உயிர் பிரிந்தது, வயது 75. மலேசியா என்ற நாடு பிறக்க அப்போது இரண்டு மாதம் இருந்தது. அவருக்குத் தெரிந்த நாடு கடைசிவரை மலாயாதான்.

1943 டிசம்பர் 3ஆம் தேதி ஆசிரமத்துப் பஜனைக் கூடத்தில் ஒரு நாம செபத்தைத் தொடங்கி வைத்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இரவும் பகலும் நிற்கக் கூடாது என்பது ஏற்பாடு. இன்றுவரை நிற்கவில்லை. ஆசிரமவாசிகள் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பனி கொட்டும் நடுச்சாமத்திலும் யாரோ ஒருவர் போர்வையை உதறிவிட்டு எழுந்து, கூடத்துக்கு நடந்து வந்து, முன்னவர் விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்குகிறார்.